மின்விசிறிச் சத்தத்துக்குள் ஒரு விமானம்

"நீ அசந்து தூங்கிட்டிருக்கும்போது யாராவது உன் காதுக்குள்ள ஒரு குளவியை விட்டா, நீ என்னம்மா பண்ணுவ?"

மைதானத்தில் அப்போது ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். எட்டுப் பேர் ஆண்கள், யார் என்ன கேட்டாலும் வாய்க்கு வாய் பதில் வைத்திருப்பவர்கள். அத்தனை பேரையும் விட்டுவிட்டு நர்ஸம்மா அவளைப் பார்த்துத்தான் கேட்டார். ஏனென்றால் குற்றவாளி அவள் கையில்தான் இருந்தது: பொம்மை விமானத்தின் இன்ஜினிலிருந்து அப்போதுதான் கழற்றிய சைலன்சர். சூடு ஆறாமல், எரிபொருளில் கலந்திருந்த விளக்கெண்ணெய் கருகிய நாற்றத்தோடு, பழந்துணியில் சுற்றியிருந்தது.

யார் கேட்டாலும் சட்டென்று பதில் சொல்ல வராது அவளுக்கு. வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டதற்கு வீட்டில் பல காரணம் சொன்னார்கள். உண்மைக் காரணம் அது ஒன்றுதான். இப்போது பத்தொன்பது வயது. வந்து பக்கத்தில் நின்றாலும் தெரியாது என்பதால் மைதானத்தில் அவளுக்குப் பூனை என்று பெயர். வைத்தவர் பல் டாக்டர். அவரும் விமானம் விடுகிறவர்தான்.

"பதில் தெரியலையா? நான் சொல்றேன். குளவியை வெளிய எடுத்துப் போடுவ. நானும் அதைத்தான் செய்யப் போறேன்" என்றார் நர்ஸம்மா. ராத்திரி ஷிப்ட் முடிந்து காலையில் வந்து படுப்பவர். மைதானத்து வேலியை ஒட்டி முதல் வீடு. வேலைக்குப் போகும்போது மைதானத்தின் கேட்டைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகவேண்டும்; ஒரு வருஷமாக ஒரு சனிக்கிழமைகூட அவர் திட்டாமல் தாண்டியதில்லை. ஆனால் பட்டப்பகலில், தலைமுடி கலைந்து, செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தது அன்றுதான்.

அன்று நடந்தது இதுதான்.

விமானம் அண்ணனுடையது. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க கட்டடங்களின் குழிக்குள் குனிந்து கிடப்பவன், சனி ஞாயிறு மட்டும் தலை நிமிர்ந்து வானத்தைப் பார்ப்பான். இன்ஜின் இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுற்றட்டும் என்று சைலன்சருக்குள் இருந்த தடுப்புத் தகட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பக்கவாட்டில் கூடுதலாக ஒரு துளையும் போட்டிருந்தான். புகை போக இடம் கூடினால் பலம் கூடும், சத்தமும் கூடும். நர்ஸம்மாவின் திட்டு வாரா வாரம் ஏறிக்கொண்டே போகவும், "ஏய் பூனை, இந்த ஓட்டையை எதையாவது வெச்சு அடை" என்று தங்கையிடம் கொடுத்தான்.

அவர்கள் வீட்டில் அம்மாவுக்குக் குக்கர் ரிப்பேர் கடை. தெருவைப் பார்த்த முன்னறைதான் கடை. கைப்பிடி, கேஸ்கெட், விசில், ரிவெட் எல்லாம் தனித்தனி டப்பாவில் இருக்கும். பூனை எல்லா டப்பாவையும் துழாவி, அந்தத் துளைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் ஒன்றைக் கண்டுபிடித்தாள். குக்கர் மூடியில் இருக்கும் சேஃப்டி வால்வ். மரை அச்சாகப் பொருந்தியது. அம்மாவிடம் கேட்கத் தோன்றவில்லை. திருகி இறுக்கினாள். தரையில் ஓட்டிப் பார்த்தபோது சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. அண்ணன் அவள் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினான்.

மேலே போன நாலாவது நிமிஷம், சரியாக நர்ஸம்மாவின் ஜன்னலுக்கு மேலே விமானம் திரும்பும்போது, வால்வின் நடுவில் இருந்த ஈயம் சூட்டில் உருகிக் கொட்டியது. அடைபட்டிருந்த சத்தம் மொத்தமாக வெடித்துக்கொண்டு வெளியே வந்தது.

அன்று சாயங்காலம் கதையைக் கேட்ட அம்மா, கையில் இருந்த குக்கரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"அடியே, அது உருகுறதுக்குன்னே செஞ்சதுடி! சூடு மிஞ்சினா உருகி வழி விடணும், அதுதான் அதோட வேலை. குக்கர்காரி பொண்ணு, உனக்கு இதுகூடத் தெரியாதா?"

தெரியும். ஆயிரம் முறை மாற்றிக் கொடுத்திருக்கிறாள். சைலன்சரைக் கையில் எடுத்ததும் அது குக்கர் அல்ல என்ற நினைப்பில் எல்லாம் மறந்துபோயிற்று. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம், மைதானத்துக்குப் பொறுப்பான நகராட்சி அலுவலகத்து ஆள் வந்தார். கக்கத்தில் ஃபைல், கையில் பெரிய பூட்டு ஒன்று. பூட்டை எல்லாரும் பார்க்கும்படி கேட்டின் கம்பியில் மாட்டி, பூட்டாமல் தொங்கவிட்டார்.

"சத்தத்தைக் குறைக்க மாசக் கடைசி சனிக்கிழமை வரைக்கும் டைம். புகார் குடுத்தது அந்தம்மா ஒருத்தங்கதான். அவங்க சரின்னா எனக்கும் சரி. இல்லேன்னா பூட்டு. மேல எங்கிட்ட எதுவும் கேக்காதீங்க, நான் வெறும் ஆபீஸ் ஆளு."

ஆண்கள் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மேலதிகாரியைப் பார்க்கலாம் என்றார் ஒருவர். மனு எழுதலாம் என்றார் இன்னொருவர். "அந்தம்மாவுக்கு ஒரு பல்லு இலவசமா கட்டித் தரேன், ஒத்துக்குவாங்களா?" என்றார் பல் டாக்டர். பூனை தொங்கும் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவர்களுக்கெல்லாம் ஆபீஸ் இருக்கிறது, நண்பர்கள் இருக்கிறார்கள், போய் உட்கார டீக்கடை இருக்கிறது. அவளுக்கு முன்னறைக் கடையும் இந்த மைதானமும்தான். வாயைத் திறக்காமலே அவளை ஆளாக மதிக்கும் இடம் உலகத்தில் இது ஒன்றுதான். "பூனை, இந்த இன்ஜின் ஏன் இருமுது?" என்று கேட்டுவிட்டு, அவள் கை என்ன செய்கிறது என்று காத்திருப்பார்கள். உருகியது அவள் வைத்த வால்வ். பூட்டு விழுந்தால் அது அவள் போட்ட பூட்டு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அன்று ராத்திரி நர்ஸம்மாவுக்கு வேலை இல்லை. அவர் தூங்கி எழுந்த பிறகு, நாலு மணிக்கு, பூனை வீட்டிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

"என்ன, குளவி கதவைத் தட்டிக்கிட்டு வருது?"

பூனை வாசற்படியின் விளிம்பைக் கால்விரலால் தேய்த்தாள். நர்ஸம்மா காத்திருந்தார். ஊசிக்குப் பயப்படுகிறவர்களைத் தினமும் பார்க்கிறவர். அவருக்குக் காத்திருக்கத் தெரியும்.

"உங்க ரூம்ல உக்காந்து கேக்கணும்."

"எதைக் கேக்கணும்?"

"எங்க சத்தத்தை."

நர்ஸம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு வருஷமா கத்துறேன். ஒருத்தரும் இதைக் கேக்கலை. உள்ள வா. செருப்பை அங்க விடு."

அறை சின்னது. கனத்த திரை, ஒற்றைக் கட்டில், கட்டிலுக்கடியில் வெள்ளை ஷூ ஒரு ஜோடி, தலைமாட்டில் அலாரக் கடிகாரம். மேலே மின்விசிறி மூன்றாம் எண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. பூனை ஜன்னலோரம் போய் நின்றாள்.

"நின்னுக்கிட்டா? நிக்கிறவளுக்கு எங்கே தூக்கம் கெடும்? படு. படுத்துக் கேளு."

அடுத்தவர் கட்டிலில் படுக்க அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் படுத்தாள். கண்ணை மூடினாள். சொல்லிவைத்திருந்தபடி வேலிக்கு அப்பால் அண்ணன் விமானத்தைக் கிளப்பினான்.

தரையில் நின்று ஆயிரம் முறை கேட்ட சத்தம்தான். படுத்துக் கேட்டால் அது வேறு ஜந்துவாக இருந்தது. ஒரே சீராக இருந்தால்கூடப் பரவாயில்லை. விமானம் மூக்கைக் கவிழ்த்து இறங்கும்போதெல்லாம் இன்ஜின் வேகமெடுத்துக் கீச்சுக் குரலில் அலறியது. ஏறும்போது அடங்கியது. அப்பாடா என்று நினைப்பதற்குள் மறுபடி அலறல். போதாக்குறைக்கு அந்தக் கீச்சுக் குரல் வரும்போது ஜன்னல் கண்ணாடியும் சேர்ந்து 'கிர்ர்' என்றது. மேலே மின்விசிறி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் ஒன்றும் குறைவில்லை. ஆனால் அது அடித்தொண்டைச் சத்தம், ஏறுவதில்லை, இறங்குவதில்லை. காது அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

பத்து நிமிஷம் கழித்து எழுந்தாள்.

"கண்ணாடி லூஸா இருக்கு. நான் வேணா அதை இறுக்கி..."

"நோவு உங்ககிட்ட, மாத்திரை எனக்கா?"

பூனைக்கு முகம் சிவந்தது. சரிதான். அவள் மேலே பார்த்தாள்.

"ஃபேன் சத்தத்துல தூக்கம் வருமா உங்களுக்கு?"

"அது இல்லாட்டிதான் வராது."

"எங்க சத்தம் அதுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டா?"

நர்ஸம்மா அலாரக் கடிகாரத்தை எடுத்துச் சாவி கொடுத்து மறுபடி வைத்தார். "இதோ பாரு. நான் எந்தக் காகிதத்துலயும் கையெழுத்துப் போட மாட்டேன். கடைசி சனிக்கிழமை நான் வழக்கம்போல ஒம்பது மணிக்குப் படுப்பேன். பதினொண்ணுல இருந்து மூணு வரைக்கும் நீங்க ஆறு தடவை விடுங்க. எனக்கு முழிப்பு வந்துச்சுன்னா, சாயங்காலம் வேலைக்குப் போகும்போது கேட்டுல அந்த ஆபீஸ் ஆளுகிட்ட ஒரு வார்த்தை சொல்வேன். முழிப்பு வரலேன்னா என் பாட்டுக்குப் போயிடுவேன். அவர்கிட்டயும் இதையே சொல்லிடறேன். அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வந்து பத்து நிமிஷம் படுத்துக் கேட்டுக்கோ. உனக்கு மட்டும்தான். உங்கண்ணன் வரக்கூடாது, அவன் காலெல்லாம் எண்ணெய்."

அன்று மாலையே கடை மேசையில் மூன்று சைலன்சர்களை வரிசையாக வைத்தாள். முதலாவது அண்ணன் குடல் உருவிய பழையது. இரண்டாவது பல் டாக்டர் கொடுத்தது, பளபளவென்று நீளமாக, பந்தயத்துக்குச் செய்தது. மூன்றாவது பெரிய இன்ஜின் ஒன்றிலிருந்து கழற்றிய குண்டு சைலன்சர், உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததுமே அண்ணனுக்கு மூக்கு சுருங்கியது.

"இதையா? இது நம்ம இன்ஜின்ல உக்காரவே உக்காராது. போல்ட் இடைவெளி வேற. கனம் வேற. விமானம் ஒரு பக்கமாச் சாயும்."

பூனை மூன்றிலும் தண்ணீர் ஊற்றி அளந்தாள். பழையதைவிடக் குண்டு இரண்டரை மடங்கு பிடித்தது. புகை வெளியே பாய்வதற்கு முன் மூச்சு விட்டு ஆறுவதற்கு இடம் வேண்டும். நீளமானது அழகுதான், ஆனால் அதன் வயிறு ஒட்டியிருந்தது. அது இன்ஜினை இன்னும் வேகமாகச் சுற்ற வைக்கும், குரலும் இன்னும் கீச்சென்று ஏறும். அவள் உருளைக்கிழங்கை மட்டும் மேசையில் விட்டுவிட்டு மற்ற இரண்டையும் அண்ணன் கையில் கொடுத்தாள்.

"பெரிய மனுஷி முடிவு பண்ணிட்டா" என்றான் அண்ணன்.

போல்ட் இடைவெளிக்கு வழி அம்மாவின் கழிவுக் கூடையில் கிடைத்தது. பழைய குக்கர் மூடியின் தடித்த அலுமினியத்தில் ஒரு துண்டை அறுத்து, அரத்தால் தேய்த்து, இன்ஜினுக்கு இரண்டு துளை, சைலன்சருக்கு இரண்டு துளை என்று இடைத்தகடு ஒன்று செய்தாள். உருளைக்கிழங்கைப் பிரித்து நடுவில் ஒரு தடுப்புத் தகடு வைத்தாள். அதில் ஆறு சின்னத் துளைகள். உள்ளே வரும் புகைக்கு எந்தத் துளையும் நேராக வராதபடி எல்லாவற்றையும் ஓரமாகப் போட்டாள். நேராக வழி கிடைத்தால் சத்தம் அப்படியே ஓடிவிடும். முட்டி மோதித் திரும்பினால்தான் களைக்கும். கடைசியில், புகை வெளியேறும் வால்குழாய். அதை வெளியே நீட்டாமல் பாதியை உள்ளே நீட்டி வைத்தாள். ரிவெட்டுகளை அம்மாவே அடித்துக் கொடுத்தாள்.

"இந்தத் தடவையாவது என்ன வெச்சிருக்கேன்னு காட்டுடி. ஈயம் கீயம் இல்லியே?"

"இல்லம்மா."

"ஒரு நாளைக்கு நாலு குக்கரு வருது. நீ விமானத்துக்கு மூடி போட்டுக்கிட்டு உக்காந்திரு" என்றாள் அம்மா. ஆனால் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை.

வால்குழாயின் வாய் எவ்வளவு இருக்கவேண்டும் என்பதுதான் பெரிய தலைவலி. முதலில் ஐந்து மில்லிமீட்டர் வைத்தாள். சத்தம் அருமையாக அடங்கியது. இன்ஜின் மூச்சுத் திணறி மூன்றே நிமிஷத்தில் வெந்து நின்றது. எச்சில் தொட்டு வைத்தால் பொசுங்கியது. ஏழு வைத்தாள். இன்ஜின் சந்தோஷமாக ஓடியது. ஞாயிற்றுக்கிழமை நர்ஸம்மா கட்டிலில் படுத்துக் கேட்டபோது, மின்விசிறிக்கு மேலே மெல்லிய கம்பி மாதிரி ஒரு சத்தம் நீட்டிக்கொண்டு நின்றது. கடைச் சுவரில் சாக்பீஸால் எழுதினாள்: ஐந்து, வேகும். ஏழு, கேட்கும். அதற்கு நடுவில் ஆறு என்று எழுதி வட்டம் போட்டாள்.

ஆறு மில்லிமீட்டரில் வேறொரு சங்கடம் வந்தது. சைலன்சரிலிருந்து ஒரு ரப்பர் குழாய் எரிபொருள் டப்பாவுக்குப் போகும். புகையின் அழுத்தம்தான் எரிபொருளைத் தள்ளிக்கொடுக்கும். வாய் சிறியதானதால் அழுத்தம் கூடி, இன்ஜின் தேவைக்கு மேல் குடித்துவிட்டு வெள்ளைப் புகை கக்கியது. அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. எரிபொருளை அளக்கும் ஊசித் திருகைத் தரையிலேயே நன்றாக மூடி, இன்ஜின் பாட ஆரம்பித்ததும் மேலே ஏற்றினான். நூறடி உயரத்தில் எரிபொருள் போதாமல் பாட்டு நின்றது. விமானம் புல்லில் மூக்கைக் குத்தி, புரொப்பெல்லர் இரண்டு துண்டானது.

"பாத்தியா? உன் உருளைக்கிழங்கு என் விமானத்தைத் தின்னுடுச்சு."

"நீங்கதான் இறுக்கினீங்க. ரெண்டு சுத்து திறந்து விடணும். கீழ கொஞ்சம் புகைஞ்சாத்தான் மேல சரியா இருக்கும்."

"எனக்கே சொல்லிக் குடுக்கிறியா?"

"ஆமா" என்றாள் பூனை. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. பல் டாக்டர், "அய்யோ, பூனை கத்துச்சு!" என்று வாயில் கை வைத்தார். அண்ணன் உடைந்த துண்டுகளைப் பொறுக்கினான்.

உடைந்ததும் நல்லதாகப் போயிற்று. புதிய புரொப்பெல்லர் வாங்கும்போது ஒரு அங்குலம் பெரியதாக வாங்கச் சொன்னாள். பெரிய புரொப்பெல்லரை இன்ஜின் மெதுவாகத்தான் சுற்ற முடியும். மெதுவாகச் சுற்றினால் குரல் தணியும், கவிழ்ந்து இறங்கும்போதும் அலறாது. இன்ஜினுக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே குக்கர் கேஸ்கெட்டை வெட்டி நாலு வில்லைகள் வைத்தாள். இல்லாவிட்டால் உடம்பு முழுக்க மத்தளம்போல அதிர்ந்து சத்தத்தைப் பெருக்கும்.

"மெதுவாப் போகுது. மாட்டு வண்டி மாதிரி இருக்கு" என்றான் அண்ணன்.

"பூட்டின கேட்டுக்கு வெளிய நின்னா அதுவும் இருக்காது."

அண்ணன் அவளை வினோதமாகப் பார்த்தான். இந்தப் பெண் எப்போது இப்படிப் பேச ஆரம்பித்தாள் என்ற பார்வை.

மூன்றாவது ஞாயிறு, கட்டிலில் படுத்துக் கண்ணை மூடினாள். மின்விசிறி ஓடியது. காத்திருந்தாள். காத்திருந்து காத்திருந்து, "இன்னும் கிளப்பலையா?" என்று எழுந்து திரையை விலக்கினால், விமானம் நேர் எதிரே வட்டமடித்துக்கொண்டிருந்தது. நர்ஸம்மா நாற்காலியில் உட்கார்ந்து வெள்ளை ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நான் முழிச்சிருக்கேன், இது கணக்கில்லை. சனிக்கிழமை பாத்துக்கலாம்" என்றார்.

சனிக்கிழமை காலை பதினொரு மணி. மைதானத்தில் வேறு எந்த விமானமும் கிளம்பக்கூடாது என்று பல் டாக்டர் உத்தரவு போட்டிருந்தார். பேசுகிறவர்கள்கூடக் குசுகுசுவென்று பேசினார்கள். முதல் நான்கு ஓட்டமும் தேனாக நடந்தன. விமானம் ஆழ்ந்த குரலில் முனகிக்கொண்டு, ஒரே சீராகச் சுற்றி வந்து இறங்கியது. ஒவ்வொரு முறை இறங்கியதும் பூனை போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்தாள்.

ஐந்தாவது ஓட்டத்தில், யாருக்கும் முன்னால் அவளுக்குக் கேட்டது. முனகலுக்கடியில் ஒரு சின்ன 'ச், ச், ச்'. குக்கர் கேஸ்கெட் ஓரமாகப் பிய்ந்தால் ஆவி வெளியேறும் அதே சத்தம். இடைத்தகட்டில் போல்ட் ஒன்று தளர்கிறது.

"அண்ணா, இறக்குங்க."

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குல்ல. பாதியில இறக்கினா கணக்குல சேராது."

"இறக்குங்க!"

அவள் கத்தியதில் வேலியில் உட்கார்ந்திருந்த காக்கை பறந்தது. எட்டு ஆண்களும் அவளைப் பார்த்தார்கள். அண்ணன் உடனே வேகத்தைக் குறைத்தான். ஆனால் விமானத்தைத் திருப்பி இறங்குபாதைக்குக் கொண்டுவர அந்த ஜன்னலைத் தாண்டித்தான் வரவேண்டும். ஜன்னலுக்கு நேராக வரும்போது போல்ட் இன்னும் தளர்ந்து, சத்தம் 'டர்ர்' என்று பிய்த்துக்கொண்டது. ஐந்து விநாடி இருக்கும். அண்ணன் இன்ஜினை அணைத்தான். விமானம் சத்தமில்லாமல் மிதந்து வந்து புல்லில் உட்கார்ந்தது.

எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். திரை லேசாக அசைந்ததுபோல் இருந்தது. காற்றாக இருக்கலாம். காற்று வீசவில்லை என்றார் ஒருவர். மின்விசிறிக் காற்று என்றார் பல் டாக்டர்.

"போச்சு. முழிச்சிருப்பாங்க" என்றான் அண்ணன். ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். "இனிமே ஓட்டி என்ன ஆகப்போகுது?"

பூனை அதற்குள் விமானத்தின் பக்கத்தில் மண்டி போட்டிருந்தாள். துணியைத் தேட நேரமில்லை. இடது கையால் சைலன்சரை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் போல்ட்டை இறுக்கினாள். உள்ளங்கையில் தீ வைத்ததுபோல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது போல்ட்டையும் இறுக்கினாள். பிறகு இரண்டின் தலையிலும் துளையிருந்த இடத்தில் மெல்லிய கம்பியைக் கோத்து, ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டினாள். இதை முதலிலேயே செய்திருக்கவேண்டும். துளை போட்டவளுக்குக் கம்பி கட்ட மறந்திருந்தது.

"அவங்க முழிச்சாங்களான்னு நமக்குத் தெரியாது. ஆறுன்னு சொன்னோம். அஞ்சாவதை மறுபடி முழுசா விடுங்க. அப்புறம் ஆறாவது" என்றாள்.

"கையைக் காட்டு."

"நேரமாச்சு அண்ணா. கிளப்புங்க."

அண்ணன் எழுந்தான். ரிமோட்டைத் துடைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். ஐந்தாவது முழுசாக, ஆறாவது முழுசாக. மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது விமானம் கடைசியாகத் தரையைத் தொட்டது. யாரும் கைதட்டவில்லை.

ஐந்தரை மணிக்கு எல்லாரும் கேட்டருகே நின்றார்கள். அலுவலகத்து ஆள் கம்பியில் தொங்கிய பூட்டைக் கையில் எடுத்து, சாவி சுற்றுகிறதா என்று சோதித்துக்கொண்டார். "துரு ஏறிடுச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பூனை இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள். உள்ளங்கையில் கொப்புளம் எழும்பி, அதற்குத் தனியாக ஒரு நாடித்துடிப்பு வந்திருந்தது.

நர்ஸம்மாவின் வீட்டுக் கதவு திறந்தது. வெள்ளைச் சீருடை, பாலிஷ் போட்ட ஷூ, தோளில் பை. கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு வருஷமாகக் கேட்டருகே வந்ததும் திறக்கும் வாய் அது. பல் டாக்டர் தொப்பியைக் கழற்றினார்.

நர்ஸம்மா நின்றார்.

"என்னம்மா?" என்றார் அலுவலகத்து ஆள். "ஏதாவது சொல்லணுமா?"

நர்ஸம்மா அவரைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்க்கவில்லை. பூனையின் முன்னால் வந்து, அவள் முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்த கையை இழுத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கொப்புளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணில் தூக்கம் முழுசாக முடிந்தவரின் தெளிவா, ஐந்து விநாடியில் முழித்துக்கொண்டவரின் எரிச்சலா, பூனைக்கு அடையாளம் தெரியவில்லை.

நர்ஸம்மா பையைத் திறந்தார். தீக்காய மருந்து டியூப் ஒன்றை எடுத்து அவளுடைய நல்ல கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். பையின் ஜிப்பை இழுத்தார். கேட்டைத் தாண்டி, பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆளைத் தாண்டி, ஒரு வார்த்தையும் சொல்லாமல் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்து போனார்.